ஆறு கல்

முதல் நாள் தண்ணியென்றுதான் நினைத்தேன்.
பிறிட்ஜ் அடியால் ஒழுகுகிறதென்று
பழைய சாரத்துண்டைப் போட்டுவிட்டு
வேலைக்கு ஓடினேன்.
இரண்டாம் நாள் மணத்தது.

எட்டு வருசம்.
மாரி வெள்ளம் படியேறி வந்த இரவிலும்
ஒரு சட்டி மோதகத்தைத் திருடித் தின்று
வயிறு கலங்கிக் கிடந்தபோதும்
கதவைப் பிறாண்டி, அழுது, எங்களை எழுப்பி
வெளிக்குப் போனவன்.
கோண்டாவிலில் எங்கள் ஒழுங்கையில்
பிஸ்கற்றைப்போல ஒழுக்கமான ஆள்
நாயிலும் இல்லை மனிசரிலும் இல்லை
என்று வாய் ஓயாமல் சொல்லித் திரிந்தவள் நான்.

இப்போது விடிய எழும்பினால்
லைற் போடமுன்
காலால் நிலத்தைத் தடவுகிறேன்.

"மூஞ்சையைப் பிடிச்சு அதிலை தேய்க்கவேணும்"
என்றார் முன்வீட்டு அருளானந்தம்.
அவர் வளர்த்தது ஒரு கிளி.
குகதாசன் பேப்பரைச் சுருட்டிக்கொண்டு நின்றார்,
அடிக்கவில்லை.
சுருட்டிய பேப்பரை அவன் மணந்து பார்த்து
வாலை ஒருக்கா ஆட்டி
மேசைக்குக் கீழே போய்ப் படுத்தான்,
சீட்டுக்காசு கட்டாத ஆள் மாதிரி.

டொக்ரர் யசோதினி சொன்னார்:
"முதல்லை மூத்திரம் கொண்டுவாங்கோ.
பேந்து கோவிக்கலாம்."
எப்படி என்று கேட்க வெட்கம்.
விடிய ஐந்தரைக்கு, நைற்றியோடு,
ஒரு கையில் சங்கிலி,
மறுகையில் சொதி அள்ளுகிற கரண்டி.
ஒழுங்கைப் புல்லைக் கண்டதும்
ஒரு கணமும் யோசியாமல் காலைத் தூக்கினான்.
அதை நானும் யோசிக்கவில்லை,
கரண்டி நிரம்பியதுதான் பெரிதாய்ப் பட்டது.
சைக்கிளில் வந்த பால்காரர் பிறேக் பிடித்து,
பார்த்து,
ஒன்றும் சொல்லாமல் மிதித்துப் போனார்.
அந்தக் கரண்டியை இப்போது வீட்டில் ஒருவரும் தேடுவதில்லை.

கிருமி கொஞ்சம் என்றது றிப்போட்.
பத்து நாள் குளிசை, றோஸ்பாணுக்குள் ஒளித்து.
பாணைத் தின்று குளிசையைத் துப்ப
கருவாட்டுப் பொரியலுக்குள் ஒளித்து.
பதினோராம் நாள்
குசினிக் கதவடி மறுபடி ஈரம்.

"மணம் போக வினாகிரியாலை துடையுங்கோ.
வீட்டிலை புதுசா என்ன நடந்தது?
ஆர் வந்தது, ஆர் போனது?"
"ஒண்டுமில்லை டொக்ரர்" என்றேன்.
வந்து கேற்றைத் திறந்து உள்ளே நடக்க
என் செருப்பு டக் டக்கென்றது.

டக் டக்.
ரொறன்ரோவிலிருந்து தம்பி காசனுப்பி
பங்குனியில் பதித்த சிவப்புக் கல்.
கேற்றடியிலிருந்து கிணற்றடிவரை,
மதிலோடு மதில் முட்ட.
இனிச் சேறில்லை, கூட்டுகிற வேலையில்லை என்று
போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பினோம்.
ஒரு விரற்கடை மண் மிச்சமில்லை.

குட்டியாய் வந்த கிழமை
அந்த மண்ணைச் சுரண்டிக் காட்டி
"இஞ்சை" என்று சொல்லிக்கொடுத்தது நான்தான்.
"இஞ்சை"யைக் கல்லுக்குக் கீழே மூடிவிட்டு
பிழை பிடிக்கிறேன் அவனில்.
முற்றமும் வழுவழுப்பு, குசினியும் வழுவழுப்பு.
பாவம், எதை வெளி என்று எடுப்பான்?

குகதாசன் சிரித்தார். பிறகு
கிளி வளர்த்த வீட்டில் அலவாங்கு இரவல் வாங்கிவந்தார்.
கிணற்றுக் கட்டோரம் ஆறு கல்.
ஒன்று உடைந்தது.
அடியில் செம்மண், ஈரமாய்,
வெளிச்சம் பொறுக்காமல் நெளிகிற ஒரு புழுவோடு.
பிஸ்கற் வந்தான். மணந்தான். சுற்றினான்.
எங்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.
நாங்கள் இருவரும் மரியாதையாய்
மதில்பக்கம் திரும்பிக்கொண்டோம்.

எல்லாம் சரியென்று சொல்லமாட்டேன்.
கோயிலில் வெடி கொளுத்துகிற இரவுகளில்
கதவடி இன்னும் நனைகிறது.
வினாகிரிப் போத்தலும் சாரத்துண்டும்
அதிலேயே கிடக்கின்றன.

ஞாயிறு வீடியோவில் தம்பி கேட்டான்:
"அக்கா, கிணத்தடியிலை ஏன் கல்லை அடுக்கிக்கிடக்கு?"
"பைப் வெடிச்சுப்போச்சு" என்றேன்.
எனக்குப் பின்னால், போனில் விழுகிற மூலையில்,
அடுக்கிய கல்லைப் பார்த்து
பிஸ்கற் காலைத் தூக்கினான்.
"ஓமோம்" என்றான் தம்பி,
"ஒழுகிறது இஞ்சை வடிவாத் தெரியுது."