இரண்டால் வகுத்தல்

விஞ்ஞான தினச் சித்திரப் போட்டிக்கு
நடுவராக வரச் சொல்லி வலயத்திலிருந்து கடிதம்.
என் பெயரைப் பிழையாக எழுதி, பக்கத்தில்
'கடலாழம் அளக்கிற மிஸ்' என்றும் போட்டிருந்தார்கள்.
போனேன்.

மேசையில் நாற்பத்தொரு தாள்கள்.
தலைப்பு: வேலை செய்யும் விஞ்ஞானி.
நாற்பது பேருக்கு வெள்ளைக் கோட்டு,
தீப்பிடித்த தலைமயிர்,
கையில் புகைகிற குடுவை.
(குடுவை புகைந்தால் ஜன்னலைத் திற என்பதுதான்
நாங்கள் படித்த பாடம்.)
கிண்ணியா ஸிஹானும் தம்பலகாமத்து நிரோசனும்
தீட்டிய முகம் ஒரே முகம்.
பென்சில் பெட்டியில் அந்த நிறத்துக்குப் பெயர்
'தோல் நிறம்'.
அவித்த இறாலின் நிறம்.
திருகோணமலையில் அந்தத் தோலை நான் கண்டது
நிலாவெளி வெயிலில் வெந்துபோய் நிற்கும்
உல்லாசப் பயணிகளிடம் மட்டும்தான்.

கபிலப் பென்சில்கள் எல்லாம்
கட்டையாகிக் கிடந்தன.
பனைக்கும் வள்ளத்துக்கும் நாய்க்கும்,
மண்டப வாசலில் நின்று
பார்சல் தாளைச் சப்பிக்கொண்டிருந்த கோட்டை மானுக்கும்
தேய்ந்து தேய்ந்து.
விஞ்ஞானிக்கென்று ஒரு கோடும் இழுக்காமல்.

நாற்பத்தோராவது தாளில்
ஒரு பெண், முதுகு காட்டி,
வள்ளத்து விளிம்பில் குந்தியிருக்கிறாள்.
இரட்டைப் பின்னல், ஒரு ரிபன் அவிழ்ந்து.
கையில் கயிறு, கயிற்றில் முடிச்சுகள்,
முடிச்சுக்கு முடிச்சு ஓர் இலக்கம்.
கயிறு தாளின் அடியைத் தாண்டி
எங்கேயோ இறங்கிப் போகிறது.
முகம் இல்லை.

"முடிக்காத படம்," என்றார் மற்ற நடுவர்.
"இது மீன்பிடியெல்லோ. விஞ்ஞானி எங்க?"
நான் ஒன்றும் சொல்லவில்லை.
புள்ளித்தாளில் கையெழுத்து வைத்தேன்.
எழுதத்தான் வேண்டும்: வைத்தேன்.

வேலைக்குப் போன முதல் நாள்
துறைமுக வாசலில் காவலர் கேட்டார்,
"ஆருக்குத் தங்கச்சி சோத்துப் பார்சல்?"
பையில் இருந்தது எதிரொலிக் கருவியின் கேபிள்.
படகில் ஏறிய பிறகும்
ஒஃபிசர் வரட்டும் என்று
எஞ்சினை இயக்காமல் பத்து நிமிடம் காத்திருந்தார்கள்.
நானும் காத்திருந்தேன்,
யாரோ வரப்போகிறார் என்று.

பரிசு கொடுத்து முடிய
என்னைப் பேசச் சொன்னார்கள்.
"தண்ணிக்குள்ள ஒலி ஒரு செக்கனுக்கு
ஆயிரத்தைந்நூறு மீற்றர் ஓடும்.
குடாவுக்கு வெளியே ஓரிடத்தில் கீழே அனுப்பினேன்.
இரண்டு செக்கனில் திரும்பிக் கேட்டது.
அப்ப ஆழம்? மூவாயிரம்!"
எல்லோரும் கைதட்டினார்கள். அதிபரும் தட்டினார்.
பின்வரிசையில் ஒரு கை மட்டும்
தட்டாமல் மேலே நின்றது.

"இல்லை மிஸ். போனதுக்கும் வந்ததுக்கும்
சேத்துத்தானே ரெண்டு செக்கன்?
பாதியாக்கோணும்."

ஆறு வருடமாக நாள்தோறும் செய்யும் கணக்கு.
மேடையில், வெள்ளைச் சீருடைகளுக்கு முன்னால்,
வகுக்க மறந்துபோனேன்.
வகுக்க மறந்தவளுக்கு
எந்தக் கடலும் இருமடங்கு ஆழம்.
உயர்தரத்தில் கணிதப் பிரிவா என்று
அப்பா கேட்ட இரவும் அப்படித்தான் இருந்தது.

வினோஜிதா, தரம் ஏழு, சம்பூர்.
ரிபனைக் கண்டுதான் ஆளைப் பிடித்தேன்.
"முகம் ஏன் கீறேல்லை?"
"கபிலம் முடிஞ்சுது மிஸ்.
மற்றதால தீட்டினா
அது நானில்லைத்தானே.
அதான் அங்கால திருப்பி இருத்தினன்."
மூதூர் பஸ் ஹோர்ன் அடித்தது. ஓடிவிட்டாள்.

பிரதான வீதிக் கடையில்
கபிலம் மட்டும் தனியாக விற்பதில்லை.
பன்னிரண்டையும் வாங்கினேன்.
புள்ளியைத் திருத்தச் சொல்லி
வலயத்துக்கு எழுதியிருக்கிறேன், பதில் இல்லை.
வெள்ளிக்கிழமை சம்பூருக்குப் போகிறேன்,
பென்சில் கொடுக்க மட்டுமில்லை.
கயிற்றில் அவள் போட்ட இலக்கங்கள்
மீற்றரா, பாகமா
என்று கேட்க மறந்துவிட்டேன்.