பகுப்பு எண்

கம்ப்யூட்டர் வந்த வாரம்
மார்த்தாண்டம் கல்லூரி நூலகத்தில்
அட்டைகளை எடைக்குப் போடச் சொன்னார்கள்.
கிலோ பன்னிரண்டு ரூபாய்.
நானே பணம் கட்டி
நானே ரசீது எழுதி
சாப்பாட்டுப் பையில் முன்னூறு அட்டைகளோடு
குழித்துறைக்குப் பஸ் ஏறினேன்.

முன்பக்கம் தட்டச்சில் துறையும் எண்ணும்.
பின்பக்கம் வெறுமை.
எனக்குப் பின்பக்கம் போதும்.

ஒரு வேலைக்கு ஓர் அட்டை.
தோசைக்கு அரைக்க.
ரப்பர் ஷீட்டைத் திருப்பிப் போட.
ஞாயிறு, ஆராதனை முடிந்து வரும் வழியில், சாளை.
ஜெர்லினுக்குப் பேன் பார்க்க.
வாவுபலி பொருட்காட்சியில் வாங்கிய கிராம்புக் கன்றுக்கு
ஒரு செம்புத் தண்ணீர், இரண்டு வேண்டாம்.
இடவப்பாதிக்கு முன் உடைந்த ஓடு மாற்ற.
கிணற்றுக்குப் புது வலை:
இது மட்டும் நாலு வருடமாக
'அடுத்த மாதம்' என்ற தடுப்புக்குப் பின்னால்
முதுகு காட்டி நின்றது.

"இது வீடா லைப்ரரியா பிள்ளே?"
என்று கேட்டார் ரூபஸ்.
செய்த அட்டை பின்னால் போகும்,
செய்யாதது முன்னால் நிற்கும்,
இதில் என்ன மனசிலாகவில்லை என்றேன்.
"எல்லாம் மனசிலாச்சு,
ஒனக்க கையெழுத்தத் தவிர."

அவர் பெயர் போட்டவை ஒன்பது.
அஜினுக்கு நாலு, அதில் இரண்டு நாய்க்குச் சோறு.
மீதியை நான் எண்ணவில்லை.
எண்ண உட்கார்ந்தால்
அதற்கும் ஓர் அட்டை எழுத வேண்டியிருக்கும்.

போன சனிக்கிழமை
வீட்டுக்குள் பந்தடித்திருக்கிறான் அஜின்.
பிரிட்ஜ் மேலிருந்த பெட்டி தலைகுப்புற.
நான் வருவதற்குள் அடுக்கி வைத்துவிட்டான்,
ஒரு அட்டை மிச்சமில்லாமல்.
அவனுக்கும் என் கையெழுத்து ஓடவில்லை போல.
தட்டச்சு எண்ணைப் பார்த்து
முன்பக்க வரிசையில் அடுக்கியிருந்தான்.

திங்கள் காலை
முதலில் கைக்கு வந்தது
181, இந்தியத் தத்துவம்.
திருப்பினேன். கிணற்றுக்குப் புது வலை.
520, வானியல். கக்கூஸ் தேய்க்க.
638.1, தேனீ வளர்ப்பு. வடக்கு அறை ஒட்டடை.
954, இந்திய வரலாறு,
கடைசிக்குக் கொஞ்சம் முன்னால்:
காலைச் சாயா, நாலு பேருக்கு.

திட்டத்தான் நினைத்தேன்.
ஆனால் இருபத்திரண்டு வருடம் அட்டை அடுக்கியவள் நான்.
தசமப் புள்ளிக்குப் பின்னும்
ஓர் இடம் பிழையில்லை.
எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது,
வெளியே சொல்லவில்லை.

"வலை மாத்தணும், வாங்க" என்றேன்.
"இப்பமா?"
"அட்டையில அப்படித்தான் வருது."
ஓரத்தில் அவர் ஏறி நின்று பழைய வலையை அவிழ்த்தார்.
நாலு வருடத்துப் பலா இலையும்
ஒரு காக்கை இறகும்
எங்கெல்லாமோ தேடிவிட்டு விட்ட
ஜெர்லினின் ஒற்றைச் செருப்பும் வந்தன.
இப்போது அது அவளுக்குப் பெருவிரல்கூடக் கொள்ளாது.

எட்டரை ஆனது.
"சாயா இல்லியா?"
"இருக்கு. வரலாற்றுல இருக்கு.
தொள்ளாயிரத்து ஐம்பத்துநாலு.
இன்னும் வானியலே முடியல்ல."

என்னைப் பார்த்தார்.
பெட்டியைப் பார்த்தார்.
கையில் ஒட்டிய வலை நாரை வேட்டியில் துடைத்துவிட்டு
உள்ளே போனார்.
அடுக்களையிலிருந்து குரல் வந்தது:
"தேயிலை எதுல கிடக்கு?"

அதற்கு நான் அட்டை எழுதியதில்லை.

செருப்பை மடியில் வைத்துக்கொண்டு
கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்திருந்தேன்.
ஒரு டப்பா திறந்தது. மல்லி.
இன்னொன்று. அவருக்குத் தும்மல், மிளகாய்ப்பொடி.
மூன்றாவது அரிசி மாதிரி சரிந்தது.
நாலாவது கருப்பட்டி,
அதில் கொஞ்சநேரம் சத்தமில்லை,
ஒரு துண்டு வாயில் போட்டிருப்பார்.

ஐந்தாவது டப்பாவின் மூடி இறுக்கம்.
எனக்குத் தெரியும்.
நான் எழுந்து போகவில்லை.