இருபதுக்கு எத்தனை

அருளப்பனுக்குத் தெரியாது,
அவனுக்கு மதிப்பெண் போட்டவன் நான்தான் என்று.

ஆட்டத்துக்கு எழுநூறு ரூபாய், பெட்ரோல் தனி.
அசோக் நகர் ஸ்டேடியம், மேல் வரிசை,
மடியில் லேப்டாப், அதன் மேல் டீ.
எந்த நாட்டிலோ செய்கிற வீடியோ கேமுக்கு
இங்கிருந்து ஆட்களை எண்ணாக்கி அனுப்புவேன்.
பாய்ச்சல் பதினொன்று.
பிடிமானம் ஒன்பது (மழையன்று ஒன்று நழுவியது, நான் பார்த்தேன்).
ஒண்டிக்கு ஒண்டி பன்னிரண்டு.
காலால் உதைப்பது ஐந்து.
அதில் இரக்கம் காட்ட வழியே இல்லை,
அவன் உதைத்த பந்து ஒருமுறை
பஸ் கூரையில் ஏறி
ஷூலே சர்க்கிள் வரை போயிருக்கிறது.

தகவல் தொடர்பு என்று ஒரு கட்டம். பதினைந்து போட்டேன்.
போட்டு என்ன?
இடது காவலுக்கு கௌதமபுரத்துப் பையன், அவனிடம் தமிழ்.
வலது காவலுக்கு ஹாசன்காரன், கன்னடம்.
நடுவில் நிற்கும் மிசோரம் ஆளிடம்
பெயர் மட்டும்தான் மொழி:
‘லால்!’ என்றால் ஏறு.
‘லாலே’ என்றால் நில்.
‘லாஆஆல்’ என்றால்
பந்து உனக்குப் பின்னால், இனி கடவுள்தான்.
கார்னர் வந்தால் எல்லாம் கலந்துவிடும்,
கெட்ட வார்த்தை மட்டும் தமிழிலேயே நிற்கும்.
டீயை வைத்துவிட்டு அதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பேன்,
கட்டத்தில் அது ஏறவில்லை.

காயப்படும் தன்மை.
இங்கேதான் பொய் சொன்னேன்.

ஒரே காம்பவுண்டு எங்களுக்கு.
அவன் குளியலறைக்கும் என் சமையலறைக்கும் ஒரே சுவர்.
விடியற்காலை ஐஸ் உடைக்கும் சத்தம்,
படியில் வலது கால் இறங்கிய பிறகு
இடது கால் யோசிக்கிற நேரம்,
எல்லாம் எனக்கு அத்துப்படி.
பதினேழு போட வேண்டிய இடத்தில்
ஆறு போட்டேன்.
பக்கத்து வீட்டுக்காரன், வேறென்ன செய்ய முடியும்.

அடுத்த சீசனுக்கு கோவாவிலிருந்து கூப்பிட்டார்கள்.
அந்த ஆறைப் பார்த்துத்தானா, தெரியாது.
‘உங்க ரெக்கார்டு சுத்தம்’ என்றானாம் ஏஜென்ட்.
ரெஜினா எல்லா வீட்டுக்கும் மைசூர்பாகு கொடுத்தாள்.
எனக்கு இரண்டு.

மூன்றாவது ஆட்டம், நாற்பதாவது நிமிடம்.
யாரும் மோதவில்லை.
குதித்தான், பிடித்தான், இறங்கினான்.
முட்டி மட்டும் இறங்கி முடிக்கவில்லை.
பந்தை விடவும் இல்லை அவன்;
ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது
ரெஃப்ரி கேட்டுத்தான் வாங்கினாராம்.

இப்போது வெள்ளிக்கிழமை இரவுகளில்
எச்எஸ்ஆர் லேஅவுட்டில் ஒரு மொட்டை மாடி டர்ஃப்.
ஐடி பையன்கள் ஐந்துக்கு ஐந்து ஆட
கோலி வாடகைக்குக் கிடைப்பான், மணிக்கு நானூறு.
ஆப்பில் அவன் படம், கீழே நட்சத்திரங்கள்:
நான்கு புள்ளி மூன்று.
‘கத்துறேன்னு எழுதி
ரெண்டு ஸ்டார் புடுங்கிட்டான்டா ஒருத்தன்.
கத்தாம எப்படிடா கோல்ல நிக்கிறது?’

நேற்று குழாயடியில் போனை நீட்டினான்.
மச்சினன் பழைய கேமை ஏற்றிக் கொடுத்திருக்கிறான்.
‘பாரு, இன்னும் இருக்கேன்.
உதைக்கிறது அஞ்சாம், போட்டவன் நாசமாப் போக.
ஆனா இதைப் பாரு,
காயம் ஆறு.
எவனோ நல்ல மனுசன்.’

குடம் நிரம்பி வழிந்தது.
குழாயை மூட இருவருமே குனியவில்லை.
அவனால் முடியாது.
நான் ஏன் குனியவில்லை என்று தெரியவில்லை.

புதிய பட்டியல் ஞாயிறுக்குள் போக வேண்டும்.
அருளப்பன், வயது முப்பத்து மூன்று, கிளப் இல்லை.
பக்கத்தில் ஒரு சிறிய சதுரம்: ஓய்வு.
டிக் அடித்தால் போதும்.
சுவருக்கு அந்தப் பக்கம்
ஐஸ் தட்டை யாரோ தரையில் தட்டுகிறார்கள்.
மணி நாலே முக்கால்.