நாற்பது தப்படி

எண் ஏற ஏற ரவை சிறுக்கும்.
நான்கு, சூம்பிய மிளகு.
ஆறு, அதைவிட இளைத்தது.
ஒன்பதென்றால் கடுகு.
எடை ஒன்றுதான்: பெரியதென்றால் சில, சிறியதென்றால் பல.
வான்கோழிக்குத் தலையும் கழுத்தும் மட்டுமே குறி.
மற்ற இடத்தில் பட்டது
உடனே சாகாது,
பிழைக்கவும் செய்யாது.

ஓசார்க் மலையில் மார்ச் கடைசி.
ஹாலிஸ் ப்ரூவிட்டின் கடையில்
மாட்டுத் தீவனத்துக்கும் மண்வெட்டிக்கும் நடுவே
தோட்டாப் பெட்டிகள்.
டங்ஸ்டன் ஒன்பதைக் கண்ணாடிக்குள்ளிருந்து எடுத்து
மோதிரம் காட்டுகிறவர்போல் வைக்கிறார் ஹாலிஸ்.
காரம் குறையாது, ஆர்வெல்லா.
தோட்டா ஒன்று பன்னிரண்டு டாலர்.
பன்னிரண்டு டாலருக்கு அவள்
நாற்பத்து மூன்று பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி
மலையைச் சுற்றி வீடுவீடாக இறக்க வேண்டும்.
ஈயம் போதும் என்றாள்.
நான்கில் ஒரு பெட்டி, ஐந்தில் ஒன்று, ஆறில் ஒன்று.

கொழுந்தன் டூவிட் நான்காம் எண்ணின் ஆள்.
எலும்பை முறிக்க ஒன்று போதும் என்பான்.
மாவட்டத் தேர்தலில் நின்று
பதினோரு வாக்கில் தோற்றவன்.
மிஞ்சிய சுவரொட்டிகள்
இன்னமும் அவள் கொட்டகையில்.
அவற்றின் வெள்ளை முதுகில்
கரித்துண்டால் தலையும் கழுத்தும் வரைந்து
பத்தங்குல வட்டம் போட்டு
வேலியில் அறைந்து
நாற்பது தப்படி நடந்து
சனிக்கிழமை முழுக்கச் சுட்டாள்.
தோள் நீலமாய்க் கன்றியது.

தாளை வெயிலுக்கு நேரே பிடித்து எண்ணுவாள்.
நான்கு: அறுபத்தெட்டு,
நடுவே ஒரு தலை நுழைந்து தப்பும் சந்து.
ஐந்து: நூற்றொன்று.
ஆறு: நூற்று முப்பத்தேழு.
மறுபக்கம் டூவிட்டின் சிரிப்பு
சல்லடையாகியிருந்தது.
'நம்பிக்கையான கைகள்' என்ற வரியில்
நம்பிக்கை மட்டும் பிழைத்திருந்தது.

ஏன் இப்படி எண்ணுகிறாள் என்று
அவனுக்குத் தெரியாது.

போன ஏப்ரலில், நான்காம் எண்ணால்,
ஐம்பத்திரண்டு தப்படியில்
ஒரு சேவலை அடித்தாள்.
ஒரு சிறகு தரையில் இழுபட ஓடியது.
இருட்டும்வரை தேடினாள்.
தேவாலயத்துக்குப் போகாமல் ஞாயிறும் தேடினாள்.
ஒன்பதாம் நாள்
ஓடைக்கரையில் ஈக்கள் காட்டிக்கொடுத்தன.
இறகை விலக்கி விலக்கிப் பார்த்தாள்.
தொடையில் ஒன்று. குடலில் ஒன்று.
அவ்வளவுதான்.

இந்த ஏப்ரல், ஆறாம் எண்.
ஓக் மரத்தில் முதுகு சாய்த்து
மரப்பெட்டியின் விளிம்பில் மூடியை உரசிப்
பெட்டையின் குரலெடுத்தாள்.
மேட்டுக்கு அப்பாலிருந்து ஒருவன் பதில் சொன்னான்.
பிறகு சொல்லவில்லை.
கணுக்காலில் உண்ணி ஏறியது. ஏறட்டும் என்றிருந்தாள்.
அரை மணி கழித்து, இடப்பக்கம், ஓசையே இல்லாமல்
ஒன்பது தப்படியில் நின்றான்,
சிவப்பும் நீலமுமாய்த் தலை,
கண் சிமிட்டுவது தெரிகிற தூரம்.

நாற்பதில் விரியவென்று தேர்ந்தது
ஒன்பதில் விரியவே இல்லை.
முந்நூற்றுத் தொண்ணூறு ரவையும்
ஒரு கோழிமுட்டைப் பருமனில் சேர்ந்தே போய்
கழுத்துக்கு ஒரு விரற்கடை தள்ளிக் கடந்தன.
பின்னால் நின்ற இளம் டாக்வுட் மரம்
இடுப்பொடிந்து
வெள்ளைப் பூக்களோடு சாய்ந்தது.

ஓடினாள்.
சருகில் மண்டியிட்டுக் கையால் துழாவினாள்.
ரத்தமில்லை. இறகில்லை.
எதிர்மேட்டிலிருந்து அவன் வைது தீர்த்தான்.
பூஜ்யம், என்றாள் வாய்விட்டு.
இரண்டைவிட நல்ல எண்.

மாலையில் டூவிட் வந்தபோது
புதுச் சுவரொட்டியை வேலியில் அறைந்துவிட்டு
ஒன்பது தப்படி அளந்து நின்றிருந்தாள்.
சுட்டாள்.
அவனே போய்த் திருப்பிப் பார்த்தான்.
மூக்கிருந்த இடத்தில் ஒரே ஓட்டை.
விரலை விட்டுச் சுழற்றினான்.

நான்குதானே, என்றான் பெருமையாக.