நாற்பத்தொரு திறன்கள்

பள்ளி கொடுத்த தாளில் நாற்பத்தொரு திறன்கள்.
பதினெட்டு வயது முடிவதற்குள்
ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு டிக் விழ வேண்டும்.
மின்தூக்கியில் எல்லாப் பொத்தான்களையும் அழுத்தாதிருத்தல்.
சட்டையின் உள்பக்கம் வெளிப்பக்கம் அறிதல்.
வங்கி அட்டையின் ரகசிய எண்ணை
யார் கேட்டாலும் சொல்லாதிருத்தல்.
நான் கேட்டேன்.
அம்மாவும் யார்தான் என்றான்.
அன்றைக்கு ஒரு டிக்.

யுகேந்திரனுக்கு வேலை அங் மோ கியோவில்,
ஹோட்டல் துண்டுகள் வெளுத்து வரும் கூடத்தில்.
நீளவாக்கில் மூன்று மடிப்பு, குறுக்கே ஒன்று,
ஓரம் உள்ளே போக வேண்டும்.
அவன் மடித்த அடுக்கைச் சுவரோடு வைத்தால்
சுவர்தான் கோணல் என்று தெரியும்.
வேலை கடினமில்லை.
வேலைக்குப் போவதுதான்.

உட்லண்ட்ஸிலிருந்து ஏழு நிலையங்கள்.
முதல் வாரம் பக்கத்து இருக்கையில் நான்.
இரண்டாம் வாரம் அதே பெட்டியின் அடுத்த கதவருகே.
மூன்றாம் வாரம் அடுத்த பெட்டி,
இடையில் யாரோ ஒருவரின் பெரிய முதுகுப்பை,
அதன் விளிம்பில் அவன் காது மட்டும்.
காத்திப்பில் கூட்டம் ஏறியது, காதும் போயிற்று.
மூச்சை இயோ சூ காங்கில்தான் விட்டேன்.

"இனி நீங்கள் வரவேண்டாம்" என்றார் பயிற்சியாளர் சியூ லிங்.
ஆறாம் வாரம், கைப்பேசியில் அவனாக நகரும்
பச்சைப் புள்ளியையும் அணைக்கச் சொன்னார்.
அணைத்தேன்.
கழுவிய பானையை மறுபடி கழுவினேன்.
விலகி நிற்கும் திறனுக்கு
அந்தத் தாளில் எண் இல்லை.
நான் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமையில்
அவன் எத்தனை மணிக்குச் சாப்பிடுவான் என்பதற்கும்.

பொய் அவனுக்கு வராது.
எதிர்வீட்டு ரொஹானியிடம்
உங்கள் சம்பால் இன்று தீய்ந்துவிட்டது என்பான்.
நாத்தனார் தொலைபேசியில் கேட்டபோது,
அம்மா இங்கேதான் நிற்கிறார்,
இல்லை என்று சொல்லச் சொன்னார், என்றான்.
அந்தத் தீபாவளிக்கு அவர்கள் வரவில்லை.

நேற்று
நாலேகாலுக்கு வர வேண்டியவன்
ஐந்தாகியும் வரவில்லை.
குடையை எடுத்தேன், வைத்தேன்,
செருப்பில் ஒரு கால் நுழைத்தபடி நின்றேன்.
நடைக்கூடத்தில் அவன் காலடி, அவசரமில்லாமல்.
"ரயில் பழுது" என்றான்,
என் தோளுக்குப் பின்னால் இருந்த காலண்டரைப் பார்த்து.
ரயில் பழுதாகவில்லை.
நிலையத்தைவிட்டு அவன் வெளியே வந்தது
நான்கு ஐந்துக்கு; அட்டைக் கணக்கில் இருக்கிறது.
ரயில் என்று சொன்ன நாக்கு
நீலமாக இருந்தது.

ஐஸ் தின்றான், சரி.
மீதி நேரம்?
யாரோடு? எந்தப் பெஞ்சில்?
எதைப் பார்த்து நின்றான், அல்லது
எதையும் பாராமல்?
கேட்க வாய் திறந்தேன்.
பதினெட்டு வருடத்தில் முதல் முறையாக
என் பிள்ளையிடம்
எனக்குத் தெரியாத ஒரு முக்கால் மணி நேரம்
இருக்கிறது.
அழுகை வந்தது, சிரிப்பும்;
எது முந்தியதென்று தெரியவில்லை.

"ஆமாம், செய்தியிலும் சொன்னார்கள்" என்றேன்.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.
பழுதாகாத ரயிலைப் பற்றிச்
செய்தியில் எப்படிச் சொல்வார்கள் என்று
யோசிப்பது நெற்றியில் தெரிந்தது.
பிறகு துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனான்.

தாழ்ப்பாள் விழும் ஓசை.
அது பதினேழாவது திறன்.
எப்போதோ டிக் போட்டாயிற்று.