இருபத்தாறாவது அடி

உரும்பிராய் முதியோர் இல்லத்தின் வளவை
வெயில் ஏற முதல் அளந்து முடித்தேன்.
படலை வரை முப்பது மீற்றர், வடகிழக்காகச் சரிவு.
மழை பெய்தால் செம்மண்
சவர்க்காரம்போல வழுக்கும் என்று குறித்துக்கொண்டேன்.

கனடாவிலிருந்து காசு அனுப்பியவர்
நடுவில் நீரூற்று கேட்டிருந்தார்,
தகப்பனின் பெயர் பொறித்து.
நான் பின்வளவில், மாமரத்தின் கீழ்
ஐந்து வாங்குகள் கீறியிருந்தேன்.
நிழல். குருவிச் சத்தம்.
வரைதாளில் வடிவாய்த்தான் இருந்தது.

மூன்றேமுக்காலுக்கு
ஆளுக்கொரு பிளாஸ்ரிக் கதிரையை இழுத்தபடி
எல்லாரும் படலையடிக்குப் போனார்கள்,
புழுதிக்குள்.
பாண் ஓட்டோ பாட்டோடு வருகிற நேரமாம்.
ரியூசன் விட்டுவரும் பெட்டையள்,
கடனுக்கு மீன் கொடுத்துவிட்டுப் புறுபுறுக்கும் மீன்காரன்,
முன்வீட்டில் யாரோ யாரையோ ஏசுவது,
எல்லாம் அங்கேதான்.

"அமைதி உள்ளுக்கை கிடக்குது பிள்ளை," என்றார் தையல்நாயகி,
"ராவு முழுக்கக் கிடக்குது."

ஐந்தையும் அழித்தேன்.

அருளப்பு, பருத்தித்துறை பஸ்ஸில்
முப்பது வருசம் கொண்டக்டர்.
தன் அறை வாசலிலிருந்து அடிகளை எண்ணி வைத்திருந்தார்.
"இருபத்தாறிலை எனக்கொரு ஹோல்ற் வேணும்.
அங்கை மூச்சு இறங்கிப்போகும்.
பிறகு ஏறும்."
கொஞ்சம் யோசித்துச் சொன்னார்:
"இருக்கிறது லேசு.
எழும்பத்தான் கைபிடி வேணும். ரெண்டு பக்கமும்."

நீரூற்றுக் காசு கைபிடிகளாயிற்று.
அந்தத் தகப்பனின் பெயரை
பிடியின் அடிப்பக்கத்தில் பொறித்தோம்,
எழும்பும்போது விரலில் தட்டுப்படட்டும் என்று.
படலையடிக்குக் கூரை. பாதைக்குச் சொரசொரப்பான சீமெந்து.
இருபத்தாறில் வாங்கு.

மாரி வந்து வேலை நின்று,
மேசன் குகனேசனின் மகளுக்குக் கலியாணமும் முடிந்து,
பங்குனியில்தான் திறந்தோம்.

அருளப்பு நடந்து வந்தார்.
பத்தொன்பதில் நின்றார்.
வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு
வாங்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"பஸ் பழசாப் போச்சு," என்றார்.

ஏழு அடி.
"இனிக் கிளப்பேலாது, கம்பி போட்டு இறுக்கினது,"
குகனேசன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

சாமான் அறைக்குள் அடுக்கியிருந்த
பிளாஸ்ரிக் கதிரையொன்றைத் தூக்கிவந்து
வேம்படியில் வைத்தேன்.
வரைபடத்தில் அது இல்லை.

வெள்ளிக்கிழமை பில்லுக்குக் கையெழுத்து வாங்கப் போனபோது
யாரோ அதைப்
பதினேழுக்கு நகர்த்தியிருந்தார்கள்.