கால் கிலோ

மூன்றாம் நாள் தராசில்
கால் கிலோ குறைந்திருந்தாள் மகள்.
சீட்டில் எழுதிய ஜெசிந்தா சிஸ்டர்
என் மார்பைப் பார்த்தார்,
முகத்தைப் பார்க்கவில்லை.

சோணைமுத்துக்கு எடை தெரியும்.
மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் பதினாறு வருஷம்.
ஈரப்பூவில் தண்ணீர் எவ்வளவு, பூ எவ்வளவு என்று
அள்ளும்போதே சொல்லிவிடுவான்.
கால் கிலோவா, என்றான்.
அப்புறம் டீ வாங்கப் போய்விட்டான்.

ஒன்பது வருஷம்.
ஊசிகள் எங்கள் ஃப்ரிட்ஜில்
மாவுச் சட்டிக்குப் பக்கத்தில் குடியிருந்தன.
கரண்ட் போன ஒரு சித்திரையில்
ஐஸ் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு
தல்லாகுளம் கூட்டத்துக்குள் நடந்தேன்.
ஊரே அழகரைப் பார்க்க ஒரு பக்கம் ஓட
ஐந்து மணி ஊசிக்காக நான் எதிர்ப்பக்கம்.
'பெட்டியில என்னக்கா, ஜிகர்தண்டாவா?'
ஆமாம் என்றேன்.
அந்தத் தடவையும் ஒட்டவில்லை.
அப்படித்தான் சொல்வார்கள், ஸ்டாம்பைச் சொல்வதுபோல.

ஒட்டியபோது கையில் காசில்லை.
பிரசவம் பெரியாஸ்பத்திரியில்.
அறுத்து எடுத்தார்கள். அழுதாள். நானும்.
ஆனால் பால் மட்டும்
வழி தெரியாமல் எங்கோ நின்றுவிட்டது.
பாலாடையில் புகட்டிய பவுடர் பால்
அவள் கழுத்து மடிப்பில் வழிந்து புளித்தது.

மல்லிகை வாசம் பாலை வற்றடிக்கும் என்று
யாரோ சொல்லிவிட்டார்கள்.
குளித்து, சட்டை மாற்றி
வார்டு வாசலில் கையை முகர்ந்து பார்ப்பான்.
வாசம் போகாத அன்று
வெளியிலிருந்தே கையாட்டுவான்.

பக்கத்துக் கட்டில் பவுனுத்தாய்க்குப் பத்தொன்பது வயது.
உசிலம்பட்டிப் பக்கம்.
ஒன்றரை நாள் இருந்தது அவள் பிள்ளை.
அது போன பிறகு பால் வந்து
கல்லாய்க் கட்டிக்கொண்டது.
அவள் சின்னம்மா சோணையிடம் வந்தாள்:
'உதிரிப் பூ, தம்பி. மார்ல வச்சுக் கட்ட.
கால் கிலோ போதும்.'

அவன் என்னைப் பார்த்தான்.
நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இரவு முழுக்க வாசம்.
துண்டால் என் மூக்கை மூடினேன்.
மகள் மூக்கையும் மூடப் போனேன்.
பவுனுத்தாய் பார்த்துவிட்டாள்.

இரண்டு மணி இருக்கும்.
பூ வைத்துக் கட்டிய மார்போடு
என் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள்.
'அப்படி இல்லக்கா.
மூக்கு காம்புக்கு நேரா வரணும்.
ஆன்னு தொறக்கும் பாருங்க,
அப்ப சட்டுனு இழுத்து அணைச்சுக்கங்க.'
ஒன்றரை நாளில் கற்றது அவ்வளவும்
என் கைமேல் கை வைத்துச் சொன்னாள்.

நாலாவது தடவை வலித்தது.
மகள் தாடை அசைந்தது.
'முழுங்குறா,' என்றாள் பவுனுத்தாய்.
எனக்குக் கேட்கவில்லை.
அவளுக்குக் கேட்டது.

விடிந்ததும் அவளைக் கூட்டிப் போய்விட்டார்கள்.
விரிப்பில் பழுத்த பூ நாலைந்து.
துடைக்க வந்தவளை, இருக்கட்டும் என்றேன்.

தராசில் இருபது கிராம் ஏறியிருந்தது.
வாசலில் நின்று
கையை முகர்ந்துகொண்டிருந்தான் சோணை.

உள்ளே வா, என்றேன்.